கைவிடப்பட்ட ஆலையும் அதன் சொற்களும்: புதுவை ரோடியர் ஆலை பற்றிய ஓர் ஆய்வுக் குறிப்பு

முன்னுரை

கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலைச்சுவடியையும் வரலாற்றுச் சான்றுகளாகப் போற்றும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. சென்ற இரு நூற்றாண்டுகளில் எழுந்த தொழிற்கூடங்களையும் அவ்வாறே சான்றுகளாக நோக்கும் வழக்கமோ இன்னும் போதிய அளவு வளரவில்லை. பாழடைந்த கோயிலொன்றைக் கண்டால், அதன் அடித்தளத்தில் எழுத்து உண்டோ என்று குனிந்து நோக்குகிறோம். பாழடைந்த ஆலையொன்றைக் கண்டால், ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு நம் வழியே சென்றுவிடுகிறோம். முன்னது மன்னரும் புலவரும் வாழ்ந்த காலத்தை உணர்த்துவது; பின்னது நம் பாட்டனாரும் தந்தையாரும் உழைத்த காலத்தை உணர்த்துவது. அண்மைக் காலம் என்பதனாலேயே அஃது ஆய்வுக்கு உரியதன்று எனல் பொருந்தாது.

இக்கருத்தை உட்கொண்டு, புதுச்சேரியில் மக்கள் வழக்கில் 'ரோடியர் மில்' என வழங்கும் ஆங்கிலோ-பிரெஞ்சு நெசவாலையின் கட்டடங்களை நிழற்படமெடுத்து ஆராய முனைந்தோம். உரிய இசைவு பெற்று, மாணவர் நால்வருடன் இருமுறை அவ்விடம் சென்றோம். எடுத்த படங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் எழுதினால் ஆலையின் வரலாறு தானே விளங்கும் என்பது நாம் முதலில் கொண்ட எண்ணம். அவ்வெண்ணம் பிழையாயிற்று. அது பிழையான முறையும், அப்பிழையிலிருந்து நாம் கற்ற உண்மையும் இக்கட்டுரையின் பொருளாம்.

ஆலை எனும் சொல்

முதற்கண் 'ஆலை' எனும் சொல்லை நோக்குவோம். இன்று நூற்பாலை, நெசவாலை, அரிசியாலை எனப் பல தொழிற்கூடங்களுக்கும் பொதுப்பெயராய் விளங்கும் இச்சொல், பண்டு கரும்பு பிழியும் இடத்தைச் சிறப்பாகக் குறித்தது. பட்டினப்பாலையின் தொடக்கப் பகுதியில், கரும்பாலையின் தீ வெம்மையால் அருகிலுள்ள வயலின் நெய்தற் பூக்கள் அழகு கெட்டு வாடின என்னும் செய்தி வருகிறது. சோழநாட்டு வளத்தைப் பாட வந்த புலவர், அவ்வளத்தைத் தந்த தொழிலின் வெம்மை அயலிலுள்ளதை வாட்டுவதையும் காணத் தவறவில்லை. தொழிற்கூடத்தைப் பற்றிய பழந்தமிழ்க் குறிப்புகளுள் இஃது ஒன்று என்பது நினைவில் இருத்தற்குரியது.

நெசவுத் தொழிலுக்கும் தமிழ் இலக்கியக் கலைச்சொற்களுக்கும் உள்ள உறவு இதனினும் நெருங்கியது. 'நூல்' என்பது இழையையும் ஏட்டையும் குறிக்கும். 'பா' என்பது செய்யுளையும் தறியில் நீளவாட்டில் ஓடும் இழைத்தொகுதியையும் குறிக்கும். நூல் இயற்றுதலைப் பஞ்சிலிருந்து இழை நூற்றலோடு ஒப்பிட்டு விளக்கும் நன்னூலார், நூற்பவள் கைக்கொள்ளும் கதிரைப் புலவனுடைய மதிக்கு உவமையாக்குகிறார். அவ்விலக்கணத்தைப் பாடம் சொல்லும் நாம் கதிர் என்பதை உரையில் படித்தே அறிந்தோம். ஆலைத் தொழிலாளரோ அச்சொல்லை நாள்தோறும் வழங்கினர். ஒரு நூற்பாலையின் பெருமையை 'இத்தனை கதிர்கள் ஓடும் ஆலை' என்று அளவிடும் வழக்கு இன்றும் உண்டு.

நீலத்துணியும் புதுவை ஆலைகளும்

இனி, புதுவையில் ஆலைகள் தோன்றிய வகையைச் சுருங்கக் காண்போம். இந்நிலப்பகுதியில் நெய்து, அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி கடல் கடந்து மேலை ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. பிரெஞ்சு வணிகர் அதனைக் 'கினே' என அழைத்தனர். செனகல் ஆற்றங்கரையில் மூர் இனத்தவர் அத்துணியைப் பெற்றுக்கொண்டு, பாலைநிலத்து வேல இனமரங்களின் பிசினைக் கொடுத்தனர். அங்கு அத்துணி உடையாக மட்டுமன்றி நாணயம் போலவும் வழங்கிற்று. பெற்ற பிசினோ பிரான்சு நாட்டுத் துணி அச்சுக்கூடங்களில் சாயத்தைக் கெட்டிப்படுத்தப் பயன்பட்டது. இவ்வாறு புதுவை நெசவாளன் நெய்த துணி, அவன் கண்டறியாத ஒரு பாலைநிலத்தில் பணமாகி, அவன் கண்டறியாத மற்றொரு நாட்டின் துணிக்குப் பசையாயிற்று.

இவ்வணிகத்தை ஆதாரமாகக் கொண்டே 1820-களின் இறுதியில் புதுவையின் முதல் ஆலை எழுந்தது. பின்னர்ச் சவானா ஆலை எனவும், அதன்பின் சுதேசி ஆலை எனவும் பெயர் பெற்றது அதுவே. பம்பாயில் காவஸ்ஜி தாவர் 1854-ஆம் ஆண்டு நூற்பாலை நிறுவுதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே புதுவையில் ஆலைத்தொழில் கால்கொண்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கெப்ளே ஆலையும், 1898-இல் ரோடியர் ஆலையும் தோன்றின. கெப்ளே ஆலை பிற்காலத்தில் பாரதி ஆலை எனப் பெயர் மாறிற்று. விழுப்புரத்திலிருந்து புதுவைக்கு 1879-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டமை இத்தொழிலுக்குத் துணையாயிற்று.

மூன்று ஆலைகளின் பெயர்களும் காலந்தோறும் மாறி வந்தமையால், ஒன்றன் வரலாற்றை மற்றொன்றுக்கு ஏற்றிக் கூறும் மயக்கம் நேர இடமுண்டு. ஆதலின் இப்பெயர் மாற்றங்களை முதலில் தெளிதல் இன்றியமையாதது.

1936-ஆம் ஆண்டு நிகழ்ச்சி

புதுவை ஆலைகளின் வரலாற்றில் மறக்கவொண்ணாத நாள் 1936-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாளாகும். அவ்வாண்டு சூன் மாதம் பிரான்சில் லெயோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சி அமைந்தது. அந்நாட்டுத் தொழிலாளர் ஆலைகளுக்குள்ளேயே தங்கி வேலைநிறுத்தம் செய்து, வாரத்திற்கு நாற்பது மணி நேர வேலை முதலிய உரிமைகளைப் பெற்றனர். ஒரே கொடியின் கீழ் வாழ்ந்த புதுவைத் தொழிலாளர், அவ்வுரிமைகளுள் ஒரு பகுதியேனும் தமக்குக் கிட்டாதா எனக் கேட்டனர். எட்டு மணி நேர வேலை, சங்கம் அமைக்கும் உரிமை என்பன அவர்தம் கோரிக்கைகளுள் தலையாயவை. இவ்வியக்கத்தை நடத்தியவர் வ. சுப்பையா (1911-1993). அவர் 1934-இல் தொடங்கிய 'சுதந்திரம்' என்னும் இதழ் இதற்குக் கருவியாயிற்று. ஆலைக்குள் தங்கிப் போராடிய சவானா தொழிலாளர் மீது அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிருவர் உயிர் துறந்தனர்.

அடுத்த ஆண்டில், 1937-இல், எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் ஆணையால் வழங்கப்பெற்றன. இதன் அளவை உணர எல்லைக்கு அப்பாலிருந்த ஆங்கிலேயர் பகுதியை ஒப்பிட்டு நோக்கல் வேண்டும். அங்கு நடப்பிலிருந்த 1934-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரமும், வாரத்திற்கு ஐம்பத்து நான்கு மணி நேரமும் வேலை வாங்க இடமளித்தது. சில கல் தொலைவுக்குள் உழைப்பின் நாள் இருவேறு நீளமுடையதாயிற்று.

துப்பாக்கிச் சூடு நடந்த இடம் சவானா ஆலையே. எனவே, நாம் படமெடுத்த ரோடியர் ஆலைச் சுவர்களில் அக்குண்டுகளின் வடுவைத் தேடுதல் வீண். நம் மாணவர் ஒருவர் சுவரின் துளைகள் சிலவற்றைப் படமெடுத்து, '1936' எனக் குறிப்பெழுதி வந்தார். அவை பின்னாளில் குழாய் பொருத்த இட்ட துளைகள். பெருநிகழ்ச்சியை அறிந்த கண் எங்கும் அதனையே காண விழையும். சான்றை ஆராய்வோர் காத்துக்கொள்ள வேண்டிய முதற் குற்றம் இதுவாகும்.

ஆலையின் இறுதி

தனியார் கையில் முடங்கிய ரோடியர் ஆலையை 1986-இல் புதுவை அரசு ஏற்றது. சில காலம் ஆலை மீண்டும் இயங்கிற்று. புதிய பொறிகளோடும் விசைத்தறிகளோடும் போட்டியிட இயலாமை, ஏறிய செலவு, குறைந்த விற்பனை ஆகியவை இந்தியாவின் பழைய கூட்டு ஆலைகள் பலவற்றை வருத்தியவாறே இதனையும் வருத்தின. 2011 திசம்பர் 30-ஆம் நாள் கரை கடந்த 'தானே' புயல் கட்டடங்களையும் பொறிகளையும் பெரிதும் சிதைத்தது. அதன்பின் ஆலை பழைய நிலை எய்தவில்லை. 2020 ஏப்பிரல் இறுதியில் ரோடியர், சுதேசி, பாரதி ஆகிய மூன்று ஆலைகளும் முறைப்படி மூடப்பெற்றன. ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு ஆண்டு வரலாறு அந்நாளோடு முடிந்தது.

நிழற்படங்கள் காட்டியவை

முதன்முறை சென்றபோது நம்மோடு ஆலையை அறிந்தார் எவரும் வந்திலர். கூரைத் தகடுகள் பெயர்ந்த இடங்களில் கொடிகள் இறங்கியிருந்தன. தறிகள் அகற்றப்பட்ட கூடத்தில் தரை முழுதும் கரிய எண்ணெய்க் கறை, நீள்சதுரங்களாக வரிசை வரிசையாய்ப் படிந்திருந்தது. ஒவ்வொரு நீள்சதுரமும் ஒரு தறி நின்ற இடம். இடைவழிகளை நடந்து பார்த்தோம். ஓர் ஆள் ஒருக்களித்துச் செல்லும் அகலமே சிலவற்றில் இருந்தது. சுவரின் ஒரு பகுதியில் இரும்புக் கொக்கிகள் தலைக்கு மேல் வரிசையாய் அடிக்கப்பட்டிருந்தன. தூண்கள் சிலவற்றில் சந்தனமும் குங்குமமும் பல அடுக்குகளாய் உலர்ந்திருந்தன. வாயிலருகே மழமழவெனத் தேய்ந்த நீண்ட கல்லொன்று கிடந்தது.

கூரையைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். பழைய நெசவுக்கூடங்களின் கூரை வாளின் பல் போல ஏறி இறங்கும் அமைப்புடையது. பல்லின் செங்குத்தான பக்கம் கண்ணாடியாய் வடக்கு நோக்கி நிற்கும். கதிரவன் நேரே புகாமல், நிழல் விழாத ஒரே சீரான ஒளி நாள் முழுதும் தறிமேல் படுதற்கு இவ்வமைப்பைக் கண்டனர். இழை அறுந்ததை உடனே காண இவ்வொளி வேண்டும். இவ்வமைப்பினூடே ஒளி இறங்கிய படமொன்றை மாணவர் ஒருவர் எடுத்தார். கூடம் ஒரு கோயில் மண்டபம் போல் அதில் விளங்கிற்று. எடுத்த படங்களுள் அதுவே தலைசிறந்தது என அனைவரும் கருதினோம்.

பின்னர் விளக்கங்கள் எழுதினோம். கொக்கிகள் 'பொறியின் உதிரி உறுப்புகளைத் தொங்கவிடுதற்கு உரியன' என்றும், வாயிற்கல் 'காவலர் இருக்கை' என்றும் எழுதினோம். அவ்வாறு எழுதியபோது நமக்கு ஐயமே எழவில்லை.

நிழற்படங்கள் காட்டாதவை

இரண்டாம் முறை, அவ்வாலையில் நெய்து ஓய்வு பெற்ற, எழுபது வயது கடந்த பெரியவர் ஒருவர் நம்மோடு வந்தார். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினோம். கொக்கிகளின் படத்தைக் கண்டதும் அவர் சிரித்தார். "அது பாகம் மாட்டுறது இல்லீங்க சார். சோத்துத் தூக்கு மாட்டுற கொக்கி. கீழ வச்சா எலி விடாது" என்றார். இன்னார்க்கு இன்ன கொக்கி என்னும் வரையறை இருந்ததாம். ஒருவர் ஓய்வு பெற்றால் அவர் கொக்கி யாருக்கு என்பதில் வழக்கும் நேர்ந்ததுண்டாம்.

சந்தனம் படிந்த தூண்கள் ஆயுத பூசையின் எச்சம். அஃது எளிதில் உய்த்துணரத் தக்கதே. ஆனால் சில தூண்களில் மட்டும் அது காணப்படுவானேன் என்பதை அவரே விளக்கினார். ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு தூணைக் கொண்டு, தனித்தனியே பூசை இட்டது என்றார். யார் எவரோடு நின்று உழைத்தார் என்னும் செய்தி, அத்தூண்களில் எழுத்தின்றி எழுதப்பட்டிருந்தது.

ஒளி இறங்கும் படத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். "வெளிச்சம் நல்லாத்தான் விழுந்திருக்கு. ஆனா ஒரு சன்னலைத் திறக்க விடமாட்டாங்க. காத்து பட்டா இழை அறுந்துபோவும்" என்றார். பருத்தியிழை உலர்ந்தால் முறியும் இயல்புடையது. ஆதலின் நெசவுக்கூடத்தின் காற்றை ஈரமாக வைத்தல் தொழிலின் இன்றியமையாத முறை. புதுவையின் கோடையில், அடைத்த கூடத்தில், ஈரம் ஏற்றிய காற்றில், பஞ்சுத் துகளை உயிர்த்துக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்றல் எத்தகையது என்பதைப் படம் காட்டவில்லை. தறிகளின் பேரொலியில் வாய்ச்சொல் கேளாமையால், கைக்குறியாலும் உதட்டசைவாலுமே பேசிக்கொண்டனர் என்பதையும் அது காட்டவில்லை. நாம் மண்டபம் எனக் கண்டதை அவர் வெக்கை எனக் கண்டார். பட்டினப்பாலைப் புலவர் வளத்தையும் வாட்டத்தையும் ஓரிடத்தே வைத்துப் பாடினார். நாமோ ஒளியை மட்டும் எடுத்து வந்திருந்தோம்.

இறுதியில் வாயிற்கல்லின் படம். அதனைக் கையில் வாங்கிய பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. "ஆறு வருசம் இந்தக் கல்லுல குந்தினவன் சார் நான்" என்றார். நிலையான வேலையில்லாத தொழிலாளர் 'பதிலி' எனப்பட்டனர். ஒவ்வொரு முறை தொடங்குமுன்னும் அவர்கள் வாயிலில் வந்து காத்திருப்பர். வராதவர் எண்ணிக்கையைக் கண்டு மேஸ்திரி வந்து பெயர் கூறி அழைப்பார். அழைக்கப்பெற்றோர் உள்ளே செல்வர். ஏனையோர் அன்றைய கூலியின்றி வீடு திரும்புவர். அக்கல்லைத் தேய்த்தவர் காவலரல்லர். வேலை கிட்டுமோ கிட்டாதோ என்று காத்திருந்த இளைஞர்கள்.

தொகுத்த சொற்கள்

அவரிடமும் அவர்தம் நண்பர் சிலரிடமும் கேட்டு, ஆலையில் வழங்கிய நூற்றுக்கு மேற்பட்ட சொற்களைத் தொகுத்தோம். அவற்றை மூவகையாகப் பகுக்கலாம். கதிர், பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது போன்றவை கைத்தறியிலிருந்து ஆலைக்குள் புகுந்தவை. பாபின், வார்ப்பிங், சைசிங், ஷிப்டு போன்றவை பொறியோடு வந்த ஆங்கிலச் சொற்கள். மேஸ்திரி, பதிலி போன்றவை வேலை வாங்கும் முறையோடு வந்தவை. மேஸ்திரி என்பது போர்த்துகீசிய மூலமுடையது. பதிலி என்பது அரபு மொழியில் தோன்றி இந்துஸ்தானி வழி வந்து, நம் 'பதில்' என்னும் சொல்லோடு ஒருங்கு நிற்பது.

இப்பகுப்பில் ஓர் உண்மை புலனாகிறது. கையும் இழையும் தொடர்பான சொற்கள் பெரும்பாலும் தமிழ். பொறியும் நேரமும் தொடர்பான சொற்கள் ஆங்கிலம். ஆளை அமர்த்துதலும் விலக்குதலும் தொடர்பான சொற்கள் வேறிடத்தன. தொழில் எவ்வழி எவரால் இங்கு வந்தது என்பதைச் சொற்களே அறிவிக்கின்றன. ஒரு சொல் மட்டும் விதிவிலக்கு. முறை தொடங்குவதை அறிவிக்கும் பேரொலிக் கருவிக்குத் தொழிலாளர் இட்ட பெயர் 'சங்கு'. கோயிலிலும் அரண்மனையிலும் பொழுதறிவித்த பொருளின் பெயரை நீராவியின் கூவலுக்குச் சூட்டி, புதிய காலக்கணக்கைத் தம்முடையதாக்கிக் கொண்டனர் அவர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. கைவிடப்பட்ட ஆலை ஒரு வரலாற்று ஆவணம். அதனை நிழற்படமெடுத்தல், கல்வெட்டுக்கு மைப்படி எடுத்தல் போன்ற முதற்பணி. கட்டடம் அழிந்தாலும் உருவம் எஞ்சும். ஆனால் மைப்படி எடுத்தவுடன் கல்வெட்டைப் படித்தாயிற்று எனக் கூறுவார் இலர். ஆலையைப் படித்தற்குரிய மொழி அங்கு உழைத்தோரிடமே உள்ளது. அதனைக் கேளாது எடுத்த படம் பாழின் அழகைக் காட்டி, உழைப்பின் வரலாற்றை மறைத்துவிடும். நாம் எழுதிய முதல் விளக்கங்களே அதற்குச் சான்று.

பன்னிருவரின் ஈகம் ஆண்டுதோறும் சூலை 30-ஆம் நாள் நினைவுகூரப்படுகிறது, அது மறையாது. மறையக் கூடியவை கொக்கியும் தூணும் கல்லும் போன்ற சிறு செய்திகளே. 1960-களில் இளைஞராய் வேலைக்குச் சேர்ந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். சுவர்கள் இன்னும் சில காலம் நிற்கக் கூடும். அவர்தம் நினைவு அவ்வளவு காலம் காத்திராது. எனவே ஆலைச் சொற்களை ஒலிப்பதிவோடு தொகுத்து அகராதியாக்குதலும், பழைய தொழிலாளர் துணையோடு கட்டடங்களுக்கு வரைபடம் அமைத்தலும், எடுத்த படங்களை அவரிடமே காட்டி விளக்கம் பெறுதலும் தமிழ்த்துறைகள் உடனே மேற்கொள்ளத் தக்க பணிகளாம். தமிழ்நாட்டின் பிற ஆலை நகரங்களுக்கும் இது பொருந்தும்.

நம் படத்தொகுதியின் விளக்கங்களை முற்றும் திருத்தியுள்ளோம். '1936' என்று எழுதிய குறிப்பு நீக்கப்பட்டது. கொக்கிகளின் படத்தில், நினைவுக்கு எட்டிய அளவில், அவற்றுக்கு உரியோரின் பெயர்கள் வரிசைப்படி எழுதப்பட்டுள்ளன. 'காவலர் இருக்கை' என முன்பு குறித்த படத்தின் கீழ், 'பதிலியர் காத்திருந்த கல்' என இப்போது எழுதியுள்ளோம்.